பாக் ஸாரின் லீவ் லெட்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவில் போன் அடித்தது. மச்சான். அதாவது, என் மனைவியின் அண்ணன். நாகல் நகர் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார்.

"மாப்ள, வெரசா வீட்டுக்கு வாங்க. ஒங்க மருமகன் மேல படிக்க மாட்டேங்கிறான்."

"சரி... வேற என்ன செய்யப் போறானாம்?"

"தவில் அடிக்கப் போறானாம்!"

'கொள்ளையடிக்கப் போறானாம்' என்கிற சுருதியில் சொன்னார். 'அடிக்க' என்ற பகுதி இரண்டுக்கும் பொதுதானே!

ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. தீர்ப்பு எப்படிப் போனாலும் மத்தியானம் பிரியாணி நிச்சயம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் இழவு விழுந்த மாதிரி அமைதி. அக்கா அடுப்படி வாசலில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பையன் மூலையில் உட்கார்ந்து ஒரு கிழிந்த சேலைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். (தவில்காரர்கள் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொள்வார்கள். துணியும் பசையும் சேர்த்துச் செய்வது. அந்தச் சேலை அக்காவுடையது என்பது பிறகு தெரிந்தது.) தவிலைக் காணோம்.

"தவில் எங்க மச்சான்?"

"ரூமுல போட்டுப் பூட்டிட்டேன். நானே செஞ்ச லீவர் பூட்டு. எவனாலயும் தொறக்க முடியாது."

பையன் தலையைக் குனிந்து சிரித்தான். ஏழாவது படிக்கும்போதிருந்து லீவு நாட்களில் பட்டறையில் ராவு வேலை பார்த்தவன். அப்பாவின் பூட்டை அப்பாவை விடச் சீக்கிரம் திறப்பான். இதை மச்சானிடம் சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் பையன் தவில் கோஷ்டிக்குப் பின்னாலேயே திரிந்திருக்கிறான். அவர்களில் ஒரு பெரியவர் தெருக் கோடியில்தான் குடியிருந்தார். சாயங்காலம் டியூஷன் என்று சொல்லிவிட்டு அங்கே போக ஆரம்பித்தான். டியூஷன் என்று சொன்னது பொய்யில்லை, சப்ஜெக்ட்டைத்தான் சொல்லவில்லை! பத்தாம் வகுப்பு ரிசல்ட்டில் கணக்கு 38 என்று வந்ததும் குட்டு உடைந்துவிட்டது.

"பூட்டுத் தொழில் என்னோட முடியட்டும் மாப்ள. அலிகர் பூட்டு வந்து பாதி வியாபாரம் போச்சு. 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாய்ங்க, சர்டிபிகேட்டு வந்துச்சு, ஆர்டரு வரல. இவனாச்சும் இன்ஜினீயர் ஆவான்னு பாத்தா, கல்யாண வீட்டுல கொட்டு அடிக்கிறவனா ஆகப் போறேங்கிறான்!"

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், இதே வாக்கியத்தை அதற்கு நாலு நாள் முன்பு ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். சொன்னவர் நாகல் நகர்க்காரர் இல்லை. ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். வருஷம் 1730-களில்.

அந்தப் புத்தகம் என் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள உறவு, வியாழக்கிழமை கடைசி பீரியடோடு முடிந்துபோனது. நான் படித்த பள்ளிக்கூடத்து டைம்டேபிளில் அந்தக் கட்டத்தில் 'பாட்டு' என்று அழகாக எழுதியிருக்கும். பாட்டு ஸார் ரிடையராகிப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. கணக்கு வாத்தியார்தான் வருவார். 'போர்ஷன் முடியல' என்பார். அதனால் எனக்கு இன்றைக்கும் ஸரிகம என்றாலே ஸைன் தீட்டா ஞாபகம்தான் வரும். நீங்களும் அப்படித்தான் என்றால் கையைக் கொடுங்கள்.

எங்கள் செக்‌ஷன் சூப்பரின்டெண்ட் அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பார். மற்ற ஆறு நாளும் எங்களை வாசிப்பார். ஒருநாள் லஞ்ச் நேரத்தில், "எங்க சர்ச்சில பாமாலைன்னு பாடறோமே, அதுல பல மெட்டு ஜெர்மனியில இருந்து வந்ததய்யா. வார்த்தை தமிழ், மெட்டு ஜெர்மன்" என்றார். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவில் ஆரம்பித்து, லைப்சிக் மிஷன் என்றே பெயர் வைத்துக்கொண்டு வந்தவர்கள் வரை சொல்லிக்கொண்டே போனார். நான் சாம்பார் சாதத்தோடு தலையாட்டியதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் தலையணை ஸைஸில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். யோஹான் செபாஸ்டியன் பாக் என்ற சங்கீத மேதையின் வாழ்க்கை வரலாறு.

மேதைகள் வரலாறு என்றால் எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் இருபது பக்கம் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஸார், அந்த ஆள் மேதை எல்லாம் அப்புறம். முதலில் அவர் நம்மைப் போல ஒரு மாசச் சம்பளக்காரர்!

இருபது வயதில் ஆர்ன்ஷ்டாட் என்ற சின்ன ஊரில் சர்ச் ஆர்கன்காரர் வேலை. 1705-ல் நாலு வாரம் லீவு கேட்கிறார். எதற்கு? லூபெக் என்ற ஊரில் புக்ஸ்டெஹூட என்று ஒரு பெரிய வித்வான் இருக்கிறார், அவர் வாசிப்பதைக் கேட்க. 400 கிலோமீட்டர். நடந்தே போனார் என்கிறார்கள். நம் பக்கத்தில் தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்களே, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். போனவர் எப்போது திரும்பினார் தெரியுமா? நாலு மாசம் கழித்து! மேலிடம் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. 'என் வேலையைப் பார்க்க ஆள் வைத்துவிட்டுத்தானே போனேன்' என்கிற தோரணையில் பதில் சொல்லியிருக்கிறார். நம் ஆபீஸில் நாலு நாள் லீவை ஐந்து நாளாக்கிப் பாருங்கள், தெரியும்.

அடுத்து வைமார் அரண்மனையில் வேலை. வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்து ராஜினாமா கேட்டால் பிரபு விடமாட்டேன் என்கிறார். இவர் பிடிவாதம் பிடிக்கிறார். 1717 நவம்பரில் தூக்கி உள்ளே போட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மாசம். ரிலீவிங் ஆர்டர் கேட்டு ஜெயிலுக்குப் போன ஊழியர் உலக சரித்திரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். யூனியன்காரர்கள் படத்தை மாட்டலாம்.

கடைசியில் 1723-ல் லைப்சிக் வருகிறார். அங்கேதான் நம் கதையின் பள்ளிக்கூடம்.

தோமாஸ்ஷூல. புனித தோமா பள்ளி. 1212-ல் ஒரு மடத்தோடு சேர்ந்து ஆரம்பித்தது. நம் பக்கத்தில் பாண்டியர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம்! மடத்தில் பூஜை நேரத்தில் பாட ஆட்கள் வேண்டும்; ஏழைப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, சோறும் இடமும் படிப்பும் கொடுத்துப் பாடவைத்தார்கள். 1543-ல் பள்ளியை நகரசபை எடுத்துக்கொண்டது. ஏற்பாடு மட்டும் மாறவில்லை. பையன்கள் ஊரில் உள்ள சர்ச்சுகளில் பாட வேண்டும். கல்யாணத்தில், சவ ஊர்வலத்தில் பாட வேண்டும். தெருத் தெருவாகப் பாடிக் காசு சேர்க்க வேண்டும். மார்கழி பஜனையும் மதிய உணவுத் திட்டமும் சேர்ந்த மாதிரி ஒரு பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளியின் பாட்டு வாத்தியார் போஸ்ட்டுக்குப் பெயர் 'காண்டர்'. பாக் அந்த வேலைக்கு முதல் சாய்ஸ் இல்லை. நகரசபை முதலில் டெலிமான் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் அந்த ஆர்டரைக் காட்டி ஹாம்பர்க்கில் சம்பளத்தை உயர்த்திக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். (இந்த டெக்னிக்குக்கு முந்நூறு வயது ஆகிறது, நண்பர்களே!) அடுத்து க்ராப்னர். அவருடைய பிரபு விடவில்லை, இன்க்ரிமென்ட் கொடுத்துப் பிடித்து வைத்துக்கொண்டார். அப்புறம்தான் பாக். நகரசபைக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், உயர்ந்த ஆட்கள் கிடைக்காதபோது நடுத்தரமானவர்களைத்தான் எடுத்தாக வேண்டும் என்று பேசியது மினிட்ஸில் இருக்கிறது. நடுத்தரம்! பாக்கை!

வேலை என்னவென்று பாருங்கள். பையன்களுக்குப் பாட்டு சொல்லித் தர வேண்டும். வாரா வாரம் சர்ச்சில் இசை நடத்த வேண்டும். நாலு வாரத்துக்கு ஒரு வாரம் ஹாஸ்டல் வார்டன் வேலை. பையன்களோடு எழுந்து, பையன்களோடு சாப்பிட்டு, படுக்கவைக்க வேண்டும். இது போதாதென்று லத்தீன் க்ளாஸ் வேறு. லத்தீன் மட்டும் என்னால் ஆகாது என்று, சம்பளத்திலிருந்து வருஷம் 50 தாலர் கொடுத்து சக வாத்தியாரை எடுக்கவைத்தார். என் கணக்கு வாத்தியார் பாட்டு பீரியடைச் சும்மா எடுத்துக்கொண்டார். அங்கே பாட்டு வாத்தியார் காசு கொடுத்துத் தப்பித்திருக்கிறார்.

முதல் சில வருஷங்கள் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு புது இசைப் படைப்பு எழுதினார். எழுதி, தனித் தனியாகப் பிரதி எடுத்து (வீட்டில் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் பிரதி எடுப்பார்கள்), பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றம். இருநூறு வரை இன்றும் கிடைக்கின்றன.

இவ்வளவுக்கும் நகரசபை சொன்னது என்ன? 1730 ஆகஸ்டில் கூட்டம் போட்டு, இந்தக் காண்டர் வேலையே செய்வதில்லை, சொல்லாமல் வெளியூர் போகிறார், திருத்தவே முடியாத ஆசாமி என்று பேசி, வருமானத்தில் கை வைக்க முடிவு செய்தது.

அதே மாசம் 23-ம் தேதி பாக் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதைப் படித்தபோதுதான் எனக்கு அவர்மேல் பாசமே வந்தது. ஆபீஸ் நோட் போடத் தெரிந்த எவனும் ரசிப்பான். சர்ச் இசைக்கு எத்தனை பாடகர் வேண்டும், எத்தனை வாத்தியக்காரர் வேண்டும், இருப்பது எத்தனை, பற்றாக்குறை எத்தனை என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் மாணவர்களைக் கணக்குக் காட்டுகிறார். உபயோகப்படக்கூடியவர்கள் 17 பேர். இன்னும் உபயோகப்படாதவர்கள் 20 பேர். லாயக்கில்லாதவர்கள் 17 பேர். ஆக மொத்தம் 54. நகரசபை என்ன பதில் போட்டது? கோப்பில் பதிலைக் காணோம். எந்த ஊரிலும் கோப்பு கோப்புதான் போலிருக்கிறது.

இரண்டு மாசம் கழித்து, டான்சிக்கில் இருந்த பழைய பள்ளித் தோழனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இங்கே விலைவாசி அதிகம், மேலதிகாரிகள் விசித்திரமான ஆட்கள், சங்கீதத்தில் அக்கறை இல்லை, வேறு எங்காவது வேலை இருந்தால் பார்த்துச் சொல்லு என்று. வருஷ வருமானம் சுமார் 700 தாலர். அதில் பெரும்பகுதி கல்யாணம், சாவு இவற்றில் வருகிற சில்லறை. போன வருஷம் ஊரில் காற்று ஆரோக்கியமாக இருந்துவிட்டதால், சாவு குறைந்து, அந்த வகையில் மட்டும் 100 தாலருக்கு மேல் நஷ்டம் என்று எழுதியிருக்கிறார். தமாஷாகத்தான் தெரிகிறது. ஆனால் வாழ்நாளில் இருபது பிள்ளைகள் பெற்று அதில் பத்தைச் சிறு வயதிலேயே புதைத்த மனிதர் எழுதியது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது ஹெட்மாஸ்டருக்கு வருகிறேன். 1734-ல் எர்னஸ்டி என்று ஒரு புதிய ஹெட்மாஸ்டர் வந்தார். வயது 27. பெரிய படிப்பாளி. பாக்குக்கு அப்போது 49. புது ஹெட்மாஸ்டருக்குப் பள்ளிக்கூடம் என்றால் படிப்பு. சங்கீதம் நேர விரயம். எவனாவது வாத்தியம் வைத்துக்கொண்டு பழகுவதைப் பார்த்தால், 'நீயும் சாராயக் கடையில் பிடில் வாசிக்கிறவனாக ஆகப் போகிறாயா?' என்று கேட்பாராம்.

கேட்டீர்களா? நாகல் நகர் மச்சான் கேட்டதும் இதையேதான்!

1736-ல் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. பாடகர் குழுவுக்கு மானிட்டராக யாரைப் போடுவது என்பதில் சண்டை. ஹெட்மாஸ்டர் போட்ட பையன் லாயக்கில்லை என்று பாக், ஆராதனை நடக்கும்போதே அவனை மாடத்திலிருந்து சத்தம் போட்டு விரட்டினார். அடுத்து மனு, எதிர் மனு, ராஜா வரைக்கும் அப்பீல். (முந்தின மானிட்டர் பெயரும் க்ராவுஸ, இந்த மானிட்டர் பெயரும் க்ராவுஸ. எங்கள் ஆபீஸில் இரண்டு முருகேசன்கள் இருப்பதால் அந்தக் கோப்பின் கஷ்டம் எனக்குப் புரிகிறது.) இரண்டு வருஷம் இழுத்த வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் தோற்றது என்பது மட்டும் எனக்குத் தோன்றுகிறது. படிப்பு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று பையன்கள் நடுவில் நின்றிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1749 ஜூனில் பாக் உயிரோடு இருக்கும்போதே, அவர் இறந்தால் காலியாகும் இடத்துக்கு ஹாரர் என்ற ஒருவரை வரவழைத்து, பாடவைத்துப் பார்த்து, இன்டர்வியூ நடத்திவிட்டார்கள்! அதற்கப்புறமும் ஒரு வருஷம் இருந்துவிட்டு, 1750 ஜூலை 28-ம் தேதிதான் போனார். அவர் மனைவி அன்னா மாக்டலேனா பத்து வருஷம் கழித்து, ஊரார் தரும் உதவித் தொகையில் வாழ்ந்து இறந்தார்.

இதை எல்லாம் மச்சான் வீட்டில் பாயில் உட்கார்ந்து சொன்னேன். பிரியாணி வந்துவிட்டதால் கூட்டம் கலையாமல் கேட்டது.

"பாக்கா? வெத்தல பாக்கா?" என்றார் மச்சான்.

"நம்ம இளையராஜா 1986-ல 'ஹவ் டு நேம் இட்'டுன்னு ஒரு கேசட் போட்டாருல்ல, அதுல ஒரு பாட்டுக்கு 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்'கிற அர்த்தத்துல பேரு வெச்சுருக்காரு மச்சான். அந்த பாக்கு."

மச்சானுக்குப் பண்ணைப்புரம் என்றால் பக்கத்துத் தெரு மாதிரி. "ராஜாவே மதிக்கிற ஆளா? அப்ப சொல்லுங்க" என்று எலும்பைக் கீழே வைத்தார்.

அந்தப் பள்ளிக்கூடம் இப்போதும் இருக்கிறது என்றேன். 2012-ல் எண்ணூறாவது ஆண்டு கொண்டாடியது. பாக் குடியிருந்த பழைய கட்டடத்தை 1902-ல் இடித்துவிட்டார்கள். பள்ளி அதற்கு முன்பே வேறு இடத்துக்குப் போய்விட்டது. இப்போது அரசுப் பள்ளி. ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதில் 9 வயதிலிருந்து 18 வயது வரை உள்ள சுமார் நூறு பையன்கள் பாடகர் குழு. அவர்களுக்கு விடுதி உண்டு; 'பெட்டி' என்று செல்லப் பெயர். காலையில் எல்லாரையும் போல க்ளாஸ். அப்புறம் குரல் பயிற்சி, ஒத்திகை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கும், சனிக்கிழமை 3 மணிக்கும் பாக் வேலை பார்த்த அதே சர்ச்சில் பாட்டு. பாக்கைப் புதைத்திருப்பதும் இப்போது அங்கேதான். இரண்டு உலக யுத்தம், ஹிட்லர், கம்யூனிஸ்ட் ஆட்சி எல்லாம் வந்து போய்விட்டன. பாட்டு பீரியடை யாரும் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கவில்லை!

"படிச்சுட்டு எல்லாரும் பாட்டுக்காரனாவா ஆகுறாய்ங்க?"

"இல்ல மச்சான். டாக்டர், வக்கீல்னும் போறாங்க. சில பேர் சேர்ந்து 'டீ ப்ரின்ஸன்'னு சினிமாப் பாட்டு மாதிரி ஒரு கோஷ்டி வெச்சு ஜெர்மனி முழுக்கக் கலக்கினாங்க."

பையன் முதல் முறையாக வாயைத் திறந்தான். "மாமா, அந்த ஸ்கூல்ல கணக்கு உண்டா?"

"உண்டு. லத்தீன் கூட உண்டு."

"அப்ப எனக்கு வேணாம்."

அக்கா சிரித்துவிட்டார். மச்சான் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, தெருக் கோடிப் பெரியவர் வந்துவிட்டார். யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே நின்று, "என் மேல கோவம் வேணாம்ணே. பையன் டியூஷன்னு சொல்லிட்டு வந்தது எனக்குத் தெரியாது. தவிலத் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா போயிருறேன்" என்றார். அது அவருடைய தவில். அப்போதுதான் எங்களுக்கே அது உறைத்தது. அடுத்தவர் பொருளை மச்சான் பூட்டி வைத்திருக்கிறார்!

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உள்ள வாங்க. சாப்பிடுங்க மொதல்ல" என்றார்.

பெரியவர் உட்கார்ந்தார். பிரியாணி வேண்டாமென்று காபி மட்டும் குடித்தார். "பையன் கணக்குல கம்மியாமே?" என்று கேட்டவர், அவன் பக்கம் திரும்பி, "டேய், ஆதி தாளம் ரெண்டு ஆவர்த்தனம், ஒரு எண்ணிக்கைக்கு நாலு மாத்திரை. மொத்தம் எத்தன?"

"அறுபத்தி நாலு."

"அதுல ஏழு ஏழா மூணு தடவ வெச்சுட்டு, சமத்துக்கு வரணும். மிச்சம் எத்தன?"

"நாப்பத்தி மூணு."

"அத மூணு நடையாப் பிரி, நடுவுல ரெண்டு தடவ ரெண்டு ரெண்டு கார்வை விட்டு."

பையன் விரலை மடக்கினான். "பதிமூணு, பதிமூணு, பதிமூணு."

நான் ஆபீஸ் கால்குலேட்டரே இல்லாமல் போட்டுப் பார்த்தேன். பதிமூணு மூணு முப்பத்தொன்பது, கார்வை நாலு, நாற்பத்து மூன்று. சரியாகத்தான் இருந்தது. எனக்கு அவனை விட இரண்டு நிமிஷம் அதிகம் ஆனது. 38 மார்க் போட்ட பேப்பர் திருத்துநரை அங்கே உட்காரவைக்க ஆசையாக இருந்தது.

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

ஆனால் அத்தோடு பிரச்னை முடிந்ததாக நீங்கள் நினைத்தால், உங்களுக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். சோறு? பெரியவரே ஒளிக்காமல் சொன்னார். "முகூர்த்தம் இருந்தா உண்டு. ஆடியும் மார்கழியும் வந்தா வீட்டுல குந்த வேண்டியதுதான்." பாக்குக்கு நல்ல காற்று, இவருக்கு ஆடி மாசம். (லைப்சிக்கிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களிலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் சர்ச் கச்சேரிகள் அநேகமாக நின்றுவிடும்.)

நம் ஊரில் வழி இல்லாமல் இல்லை. பழனி தேவஸ்தானம் நாதஸ்வரம், தவில் சொல்லித்தரப் பள்ளி நடத்துகிறது. பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளி இருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் உண்டு. மதுரையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. இது பழனி சுப்பிரமணிய பிள்ளையைக் கொடுத்த மாவட்டம். 1908-ல் பிறந்து 1962-ல் மறைந்தவர், மிருதங்கத்தில் மூன்று நாலு பேர் பெயரைச் சொன்னால் அதில் ஒரு பெயர் அவருடையது. இடது கைக்காரர். அப்பா முத்தையா பிள்ளை தவிலும் மிருதங்கமும் வாசித்தவர். குடும்பமே பள்ளிக்கூடமாக இருந்தது.

பூட்டுப் பட்டறைப் பையனுக்கு அந்தக் குடும்பம் இல்லை. அவனுக்குப் பள்ளிக்கூடம்தான் கதி. அங்கேதான் சிக்கல். இசைப் பள்ளிக்குப் போனால் ப்ளஸ் டூ எங்கே? ப்ளஸ் டூவுக்குப் போனால் தவில் எங்கே? காலையில் இயற்பியலும் சாயங்காலம் தவிலும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஹாஸ்டல் சாப்பாட்டில் வைக்கலாம் என்று லைப்சிக்காரன் எண்ணூறு வருஷமாகச் செய்து காட்டுகிறான். நம் அரசாங்கத்துக்கு இது பெரிய செலவா? விளையாட்டுக்கு ஹாஸ்டல் வைத்துப் பள்ளிக்கூடமும் நடத்துகிறோமே! அதே மாதிரி தவிலுக்கு ஒன்று நம் மாவட்டத்தில் வைத்தால் யார் அடிக்க வருவார்கள்? (தவில் அடிக்கத்தான் வருவார்கள்.) இதை நான் பாயில் உட்கார்ந்து ஆவேசமாகச் சொன்னேன். மூவரும் என்னை மந்திரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ராத்திரி பத்தரைக்கு மறுபடி மச்சான் போன்.

"மாப்ள, தூக்கம் வரல. அந்த பாக்கு, அவர் பிள்ளைகள என்ன படிக்க வெச்சாரு?"

புத்தகத்தைப் புரட்டினேன். மூத்த பையன்கள் இருவரையும் அதே தோமா பள்ளியில் படிக்கவைத்து, பிறகு யுனிவர்சிட்டிக்கு அனுப்பியிருக்கிறார். லைப்சிக் வந்ததற்கே பிள்ளைகள் படிப்பு ஒரு காரணம் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இரண்டாவது பையன் கார்ல் பிலிப் எம்மானுவேல் சட்டம் படித்தான்.

"சட்டமா! பாத்தீங்களா? பாக்கே பையன லா படிக்க வெச்சுருக்காரு!" மச்சானின் குரலில் ஒரு வாரத்தில் கேட்காத உற்சாகம்.

"படிச்சான் மச்சான். படிச்சு முடிச்சுட்டு பிரஷ்ய ராஜா சபையில வாத்தியம் வாசிக்கப் போயிட்டான். ஒரு காலத்துல அப்பாவ விடப் பெரிய பேரு."

நீண்ட மௌனம். பிறகு, "ஆனா படிச்சுட்டுப் போனான்ல? அத அவங்கிட்ட அழுத்திச் சொல்லுங்க" என்றார்.

அப்படித்தான் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டிருக்கிறது. பையன் ப்ளஸ் ஒன் சேர்ந்துவிட்டான், காமர்ஸ் க்ரூப். இன்ஜினீயர் கனவை மச்சான் பாதி விலைக்கு விட்டுக்கொடுத்தார். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரமும், சனி ஞாயிறு முழுசாகவும் பெரியவர் வீட்டில் தவில். ரூம் கதவில் அந்த லீவர் பூட்டு இன்னும் தொங்குகிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. எதிர்வீட்டுக்காரர் சத்தம் தாங்கவில்லை என்று ஒரு தடவை சண்டைக்கு வந்தார். மச்சான் அவரிடம், "ராஜா வீட்டுக்கே பாக்கு வந்துருக்காரு, தெரியும்ல?" என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாராம். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, தெரியாது.

ப்ளஸ் டூ முடித்ததும் பழனிப் பள்ளியில் சேரலாமா, என்ன தகுதி, ஹாஸ்டல் எப்படி என்று நேரில் போய் விசாரித்துவிட்டு வரச்சொல்லி எனக்கு உத்தரவு. மாமாவும் மருமகனும் அடுத்த வெள்ளிக்கிழமை போகிறோம். ஒருநாள் கேஷுவல் லீவுக்கு எழுதிக்கொண்டு சூப்பரின்டெண்ட் முன்னால் நின்றேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போட்டிருந்தேன்.

"என்ன வேலை?"

சொன்னேன். தவில், மச்சான், பூட்டு, பதிமூணு பதிமூணு பதிமூணு எல்லாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டு, காகிதத்தை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"பழனிக்குத்தானே போறீங்க? பஸ்ஸுல போயிட்டு பஸ்ஸுலயே வாங்க. நாலு மாசம் ஆக்கிடாதீங்க."